உம் கொட்டுகிறவள்

கிரிவலப் பாதையோரத்து அடி அண்ணாமலைக்காரர்கள் மழை வருமா என்று வானத்தைப் பார்ப்பதில்லை, மலையைப் பார்ப்பார்கள். உச்சியில் மட்டும் மேகம் தலைப்பாகை கட்டினால் பொழுது சாய்வதற்குள் மழை உண்டு. பாதி மலை வரை இறங்கி உட்கார்ந்துகொண்டால் வெறும் தூறலோடு போய்விடும். செல்போனில் வரும் வானிலைச் செய்தியையும் பார்க்கத்தான் பார்க்கிறார்கள். பார்த்த கையோடு மலையையும் ஒருமுறை திரும்பிப் பார்த்துக்கொள்வார்கள்.

அந்த ஐப்பசியில் மேகம் எதையும் முடிவு செய்யாமல் மலையைச் சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருந்தது. கிரிவலம் போகிற கூட்டத்தோடு அதுவும் சேர்ந்துகொண்டதோ என்னவோ. வெள்ளையம்மாளுக்குத்தான் நிம்மதி இல்லை. அவளுடைய புன்செய்க் கொல்லியில் மல்லாட்டை முற்றி நின்றது. டவுன் கடைகளில் வேர்க்கடலை என்று எழுதிப்போட்டிருந்தாலும் இந்தப் பக்கத்து வாயில் அது மல்லாட்டைதான். பெருமழை பிடித்தால் காய் மண்ணுக்குள்ளேயே முளை விட்டுவிடும். அப்புறம் எண்ணெய்க்கும் ஆகாது, விதைக்கும் ஆகாது.

ஞாயிற்றுக்கிழமை விடிந்தபோது கொல்லியில் நான்கு பெண்கள் குனிந்திருந்தார்கள். வெள்ளையம்மாள், அவள் மருமகள் திரௌபதி, பக்கத்துக் கொல்லி சந்திரம்மாள், சந்திரம்மாளின் மகள் அன்புச்செல்வி. இன்றைக்கு இவர்கள் கொல்லிக்கு அவர்கள் வந்தால் நாளைக்கு அவர்கள் கொல்லிக்கு இவர்கள் போகவேண்டும். அப்படித்தான் இரண்டு வீட்டு அறுவடையும் பல வருஷமாக நடக்கிறது. அன்புச்செல்வி டவுனில் மருந்துக் கடையில் வேலை செய்கிறவள். லீவு நாளாகப் போனதால் அகப்பட்டுக்கொண்டாள்.

முந்தின நாள் தூறலில் மண் பதமாக இருந்தது. செடியை அடியோடு பிடித்து ஓர் இழுப்பு, முழங்காலில் ஒரு தட்டு, மண் உதிர்ந்ததும் காய் மேலே தெரியத் திருப்பிப் போட்டுவிட்டு அடுத்த செடி. வெள்ளையம்மாள் அறுபதைத் தாண்டியவள். அவள் கை மட்டும் அதைக் கேள்விப்படாதது போல ஓடியது. திரௌபதியின் வரிசை பாதியில் நின்றுவிட்டது.

"துரோபதி, இன்னா அங்கியே நின்னுட்ட?"

"வரேன் அத்த."

"ஒடம்பு முடிலயா?"

"இல்ல அத்த, நல்லாத்தான் இருக்குது."

"பாத்தா நல்லாத்தான் இருக்கற," என்றாள் வெள்ளையம்மாள். சொல்லிவிட்டு, மருமகள் விட்ட வரிசையில் எதிர்ப்பக்கத்திலிருந்து தானே பிடுங்கிக்கொண்டு வந்தாள். அவளுக்கு அது ஒரு வேலையே இல்லை. ஆனால் திரௌபதிக்கு அது கன்னத்தில் அறைந்தது போல இருந்தது.

பார்த்தால் நன்றாக இருப்பதுதான் திரௌபதிக்குச் சத்துரு. முப்பத்தைந்து வயது, கன்னம் தளதளவென்று இருக்கும், சிரித்தால் குழி விழும். ஆனால் காலையில் கண் விழிக்கும்போதே யாரோ இரவெல்லாம் கல்லில் அடித்துத் துவைத்துப் போட்ட மாதிரி உடம்பு கிடக்கும். தோளில் இருந்த வலி இடுப்புக்கு வரும், இடுப்பில் இருந்தது முழங்காலுக்கு இறங்கும். ஒருநாள் எதுவுமே இருக்காது. அடடே என்று நாலு வேலை சேர்த்துச் செய்துவிட்டால் அடுத்த நாலைந்து நாள் எழுந்திருக்க விடாது. சில நேரம் சொல் மறந்துபோகும். உப்பு வேண்டும் என்று வாயெடுப்பாள், உப்பு என்கிற வார்த்தை வராது. அப்போதெல்லாம் அடுப்பு, பாத்திரம், வாசலில் போகிற ஜனம் எல்லாமே தண்ணீருக்கு அடியில் அசைவது போலத் தெரியும். அந்தத் தண்ணீருக்குள் தான் மட்டும் தனியாக நிற்பது போல இருக்கும். பயமாக இருக்கும். கொஞ்சம் அழகாகவும் இருக்கும். இதை யாரிடம் சொல்வது?

ரத்தம் எடுத்தார்கள், படம் எடுத்தார்கள். எல்லாம் நார்மல். கேட்டுக் கேட்டு அந்த வார்த்தையே அவளுக்கு ஒரு வசவு மாதிரி ஆகிவிட்டது. பாண்டிச்சேரியில் ஒரு டாக்டரம்மா மட்டும் அவளை உட்காரவைத்து முழுசாகக் கேட்டாள். இதற்கு ஃபைப்ரோமயால்ஜியா என்று பேர், வலி நிஜம்தான், டெஸ்டில் அகப்படாது, உடம்பு தாங்குகிற மட்டும் வேலை செய்யுங்கள், மீறாதீர்கள் என்றாள். திரும்பி வருகிற பஸ்ஸில் திரௌபதி சந்தோஷத்தில் அழுதாள். நோய்க்குப் பேர் கிடைத்துவிட்டது என்று அழுத ஒரே பெண்பிள்ளை இவளாகத்தான் இருப்பாள். ஊருக்கு வந்தால் அந்தப் பேர் யார் வாயிலும் நுழையவில்லை. வாயில் நுழையாத வியாதி மனதில் மட்டும் எப்படி நுழையும்?

அவள் புருஷன் குமரேசன் ரமணாசிரமத்துக்கும் பஸ் ஸ்டாண்டுக்கும் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவன். நல்லவன், அதில் சந்தேகம் வேண்டாம். பெண்டாட்டிக்கு உடம்பு சரியில்லை என்று ஏறுகிற சவாரி எல்லாரிடமும் சொல்லி வைத்தியம் கேட்டு வருவான். பாலை அடியோடு நிறுத்தச் சொன்னாள் ஒரு வெள்ளைக்காரம்மா. வேளைக்கு ஒரு டம்ளர் பால் குடிக்கச் சொன்னார் வேங்கிக்கால் ஆபீஸ்காரர். குமரேசன் இரண்டையும் நம்பினான். "தோள் நோவுதுங்க," என்று திரௌபதி ஆரம்பித்தால் அவள் முடிப்பதற்குள் தைலம் வந்துவிடும், கசாயம் வந்துவிடும், வெந்நீர் வந்துவிடும். எப்படி நோகிறது என்று கேட்கத்தான் அவனுக்கு நேரம் வரவில்லை.

கடைசியில் அண்ணாமலையாருக்கே நேர்ந்துகொண்டான். ஒரு வருஷம் பௌர்ணமி தவறாமல் செருப்பில்லாமல் கிரிவலம். நேர்ந்தது அவன், நடக்க வேண்டியது அவள். பௌர்ணமி அன்றைக்கு ஆட்டோவுக்கு ஓயாத சவாரி, அவனால் எப்படி நடக்க முடியும்? சித்திரையில் ஆரம்பித்து அவள் நடந்தாள். பதினாலு கிலோமீட்டர். முதல் தடவை வந்து படுத்தவளைப் பார்த்து, "எப்பிடி இருக்குது?" என்று அவன் கேட்டபோது அவன் முகத்தில் அவ்வளவு ஆசை இருந்தது. "தேவலைங்க," என்று சொல்லிவிட்டாள். அந்த ஒரு பொய் வீட்டையே வெளிச்சமாக்கிவிட்டது. மாமியார் பாயசம் வைத்தாள். அண்ணாமலையான் கண் திறந்துவிட்டான் என்று தெருவே பேசியது. அதற்குப் பிறகு ஒவ்வொரு பௌர்ணமி முடிந்து படுத்தபோதும் தலைவலி என்றாள், வெயில் என்றாள். இன்றைக்கு ஞாயிறு. செவ்வாய்க்கிழமை பௌர்ணமி. இந்தத் தடவை நடந்தால் விழுந்துவிடுவோம் என்று அவளுக்கு நிச்சயமாகத் தெரிந்தது. முடியாது என்று சொன்னால் சாமி காரியத்தைக் கெடுத்தவள் என்று ஆகும். அதைவிட, இத்தனை நாள் தேவலை என்றது பொய்யா என்று அவன் கேட்டால் முகத்தை எங்கே கொண்டுபோய் வைத்துக்கொள்வது?

பத்து மணிக்குக் குமரேசன் ஆட்டோவிலேயே டீ கொண்டுவந்தான்.

"செவ்வாக்கெழம கூட்டம் ஜாஸ்தியா இருக்கும்ன்றாங்க," என்றான் டம்ளரை நீட்டிக்கொண்டே. "அன்னாபிசேகம் வேற. நீ வெயில் சாஞ்ச ஒடனே கெளம்பிடு."

"ஏங்க, இந்த வாட்டி..."

"இந்த வாட்டி ஒரு தைலம் சொல்லிருக்காரு ஒருத்தரு. கால்ல தடவிக்கினு நடந்தா நடந்த மாரியே தெரியாதாம். வாங்கி வெச்சிருக்கேன்."

அவன் முகம் மலர்ந்திருந்தது. திரௌபதி டீயைக் குடித்தாள். சொல்ல வந்தது டீயோடு உள்ளே போயிற்று.

மதியம் களியும் கருவாட்டுக் குழம்பும் சாப்பிட்டுவிட்டு நான்கு பேரும் புங்க மரத்தடியில் வட்டமாக உட்கார்ந்தார்கள். செடியிலிருந்து காய் ஆய்கிற வேலை. பிடுங்குவதைவிட இது நீளம், அதனால்தான் இதற்குக் கதை வேண்டும். சந்திரம்மாள்தான் எப்போதும் சொல்லுகிறவள். வெள்ளையம்மாள் உம் கொட்டுகிறவள். உம் கொட்டுவதில் அந்த ஊரில் அவளை மிஞ்ச ஆளில்லை. ராஜா வந்தால் ஒரு உம், ராட்சசன் வந்தால் ஒரு உம், குழந்தை தொலைந்தால் தொண்டையிலேயே நிற்கிற ஒரு உம். அவள் உம் போட்டால் ஒன்றுமில்லாத கதைக்கும் கை கால் முளைக்கும். அதற்குச் சட்டமும் உண்டு. கதை நடுவே யாரும் புத்தி சொல்லக் கூடாது. உம் கொட்டத் தொடங்கியவள் கதை முடிகிறவரை எழுந்திருக்கக் கூடாது. பாதியில் விட்ட கதை அவள் வீட்டு வாசலில் வந்து படுத்துக்கொள்ளும் என்பார்கள்.

மேகம் மலையின் இடுப்பில் இருந்தது. காற்று இல்லை. காய்கள் கூடையில் விழுகிற சத்தம் மட்டும் கேட்டது. திரௌபதிக்குக் கண் சொக்கியது. எதிரே இருந்த மூன்று பேரும் தண்ணீருக்கு அடியில் உட்கார்ந்திருப்பது போலத் தெரிந்தார்கள்.

"எனக்குத் தொண்ட கட்டிக்கிச்சி," என்றாள் சந்திரம்மாள். "இன்னிக்கி வேற யாராவது சொல்லுங்கடி."

"நான் ஒண்ணு சொல்றேன்," என்றது ஒரு குரல். அது தன் குரல்தான் என்று திரௌபதிக்குக் கொஞ்சம் பொறுத்துத்தான் தெரிந்தது.

"அடியம்மா! சொல்லு, சொல்லு."

"ஒரே ஒரு ஊர்ல ஒருத்தி இருந்தா."

"உம்," என்றாள் வெள்ளையம்மாள், கை காயிலேயே இருக்க.

"அவ ஒடம்புல ஒருத்தன் குடியிருந்தான். கண்ணுக்குத் தெரியாதவன்."

"உம்."

"காலைல அவ எழுந்திரிக்கறதுக்கு முன்னாலயே அவன் எழுந்துக்குவான். ஒரு ஒலக்கைய எடுத்துக்கினு, இன்னிக்கி தோளா, இடுப்பா, முட்டியான்னு யோசிப்பான்."

"பாவி," என்றாள் சந்திரம்மாள், ரசித்து.

"அவன யாருக்கும் காட்ட முடியாது. டாக்டர்கிட்ட போனா வாசல்லயே செருப்பக் கழட்டி வுடற எடத்துல எறங்கி நின்னுக்குவான். உள்ள டாக்டரு பாத்துட்டு ஒண்ணும் இல்லம்மான்னுவாரு. வெளிய வந்தா மறுபடியும் ஏறிக்குவான்."

"உம்!"

"அந்தப் பொம்பளைக்கு தைராய்டு பாத்தாங்களாமா?" என்று கேட்டாள் அன்புச்செல்வி.

"கதைல இன்னாடி தைராய்டு? வாய மூடிக்கினு காய ஆயி," என்று அவள் அம்மா அதட்டினாள். "நீ சொல்லு துரோபதி."

"அவ வூட்டுக்காரன் நல்லவன். நாட்ல இருக்கற வைத்தியத்தையெல்லாம் மூட்ட கட்டிக்கினு வருவான். நோவுதுன்னு அவ வாயத் தொறந்தா, தொறந்த வாயிலயே மருந்தப் போட்டு மூடிடுவான். அவ சொல்ல வந்தது உள்ளயே தங்கிடும். தங்கித் தங்கி அது ஒரு பாரமாயிடுச்சி."

இந்த முறை உம் வருவதற்குக் கொஞ்சம் நேரம் ஆயிற்று. "உம்."

"அவன் சாமிக்கு நேந்துக்கினான். அவ ஒரு பெரிய மலய சுத்தி வரணும். அவளும் நடந்தா. வந்து படுத்தா. எப்பிடி இருக்குதுன்னு கேட்டான். இல்லன்னு சொன்னா அவன் மூஞ்சி வாடிடும்னு, தேவலன்னா. வூடே சந்தோசமாயிடுச்சி. அந்த சந்தோசத்துக்காக மறுபடியும் நடந்தா. மறுபடியும் நடந்தா."

வெள்ளையம்மாளின் கை நின்றுவிட்டது. சந்திரம்மாள் செடியை மடியில் வைத்துக்கொண்டு பார்த்தாள். திரௌபதி யாரையும் பார்க்கவில்லை. அவள் கண் கூடையில் இருந்தது.

"போன பௌர்ணமிக்கு முக்காவாசி வழில காலு ரெண்டும் செத்துப்போச்சி. ஒரு கரும்பு ஜூஸ் கட பின்னால சக்கையக் கொட்டி வெச்சிருந்தாங்க. அது மேல போயி படுத்துக்கினா. மெத்துமெத்துன்னு இருந்துச்சி. எறும்பு ஏறிச்சி. தட்டி வுடக் கைய தூக்க முடில. ரோட்ல ஜனங்க அரோகரான்னு போய்க்கினே இருக்காங்க. நெலா இருந்துச்சி. இப்பிடியே செத்துட்டா நல்லா இருக்குமேன்னு நெனச்சா. அப்பறம் எப்பிடி எழுந்து வூட்டுக்கு வந்தான்னு அவளுக்கே தெரியாது. வந்தா. வந்து வாசல் தெளிச்சா."

உம் வரவில்லை. உம் இல்லாமல் கதை நகரக் கூடாது. திரௌபதி காத்திருந்தாள். எங்கோ ஒரு மாடு கத்தியது.

"உம்," என்றாள் வெள்ளையம்மாள்.

"அவ மாமியா பக்கத்துல வந்து, அவ தலைல ஒட்டிக்கினு இருந்த கரும்புச் சக்கைய எடுத்துப் போட்டுட்டு, இன்னாடி, ஜூஸெல்லாம் நல்லா குடிச்சியான்னு கேட்டா."

அப்போது மழை வந்தது. மேகம் அவர்கள் பார்க்காத நேரத்தில் உச்சிக்கு ஏறியிருந்தது. முதல் துளிகள் புங்க இலையில் தட்டின, பிறகு பிடுங்கிப் போட்ட செடிக் குவியலில் தட்டின. "ஐயோ, காயி!" என்று சந்திரம்மாள் குதித்து எழுந்தாள். அன்புச்செல்வி தார்ப்பாயை எடுக்க ஓடினாள். எத்தனையோ மழையையும் வெயிலையும் பார்த்து ஒரு காயைக்கூட நனைய விடாதவள் வெள்ளையம்மாள். ஒருமுறை பெற்ற மகன் கல்யாணப் பந்தலிலிருந்தே களத்துக் காயை மூட ஓடியவள். அவள் எழுந்திருக்கவில்லை.

"அத்த, மழ."

"அவங்க மூடுவாங்க. நீ சொல்லு. அப்பறம்?"

"அப்பறம் கத இன்னும் வரல அத்த. நாளான்னிக்குத்தான் பௌர்ணமி."

"உம்."

அவ்வளவு சின்னக் குரலில் அவள் உம் கொட்டி யாரும் கேட்டதில்லை. மழை இருவர் தலையிலும் வழிந்தது. கூடையில் இருந்த காய்களும் நனைந்தன.

"எறும்பு கடிச்சிதா?" என்று கேட்டாள் வெள்ளையம்மாள்.

"கடிச்சிது அத்த."

"எங்க?"

திரௌபதி முழங்கையைத் திருப்பிக் காட்டினாள். அங்கே இப்போது ஒரு தடமும் இல்லை. ஒன்றுமில்லாத அந்த இடத்தை வெள்ளையம்மாள் மண் படிந்த கட்டை விரலால் மெதுவாகத் தடவினாள். திரௌபதிக்கு அழுகை பீறிட்டுக்கொண்டு வந்தது. எத்தனையோ நாளுக்குப் பிறகு, வலியோடு சேர்த்துத் தன்னை யாரோ வீட்டுக்குள் கூப்பிட்டது போல இருந்தது.

திங்கட்கிழமை சந்திரம்மாள் கொல்லிக்கு வெள்ளையம்மாள் மட்டும் போனாள். மருமகள் வரிசையையும் சேர்த்துப் பிடுங்கினாள். யாரும் ஏன் என்று கேட்கவில்லை.

செவ்வாய்க்கிழமை வெயில் சாயும்போது குமரேசன் தைலப் புட்டியோடு வீட்டுக்கு வந்தான். திரௌபதி பாயில் படுத்திருந்தாள். அவன் தாய் அவனை வாசலில் நிற்கவைத்து என்னவோ சொன்னாள். நீளமாகச் சொன்னாள். கடைசியில் அவன் குரல் மட்டும் உயர்ந்தது.

"அதுக்கு? சாமிக்கு நேந்தத வுட்டுட முடியுமா?"

"யாரு வுடச் சொன்னது? நேந்துக்கினது யாரு?"

"நான்தான்."

"அப்ப நீ நட."

"பௌர்ணமி சவாரிம்மா!"

"அண்ணாமலையானுக்கு ஆட்டோ வேணான்டா. செருப்ப இங்க கழட்டு."

அவன் கழற்றினான். உள்ளே எட்டிப் பார்த்தான். தைலப் புட்டியை ஜன்னலில் வைத்துவிட்டுப் போனான். சட்டையைக் கழற்றித் தோளில் போட்டுக்கொண்டு கூட்டத்தில் அவன் கலப்பதை வெள்ளையம்மாள் பார்த்துக்கொண்டு நின்றாள்.

நிலா எழும்பியது. மலை கறுப்பாக, ரொம்பப் பக்கத்தில் வந்து நின்றது. திரௌபதி கண்ணை மூடிப் படுத்திருந்தாள். தெருவில் வெறுங்கால்கள் போகிற சத்தம் ஓடைத் தண்ணீர் போல ஓயாமல் கேட்டது. ஒவ்வொரு காலும் எதையோ சுமந்துகொண்டு போகிறது, ஒன்றும் வெளியே தெரிவதில்லை என்று நினைத்துக்கொண்டாள். வலி இருந்தது. தோளில் இருந்து இடுப்புக்கு இறங்கிக்கொண்டிருந்தது. ஆனால் அதை ஒளித்துவைக்கிற வேலை இன்றைக்கு இல்லை. அந்த வேலைதான் இத்தனை நாளும் பாதி உடம்பைத் தின்றிருக்கிறது என்று அப்போதுதான் தெரிந்தது. அப்படியே தூங்கிப்போனாள்.

காலையில் குமரேசன் வாசற்படியில் உட்கார்ந்திருந்தான். இரண்டு உள்ளங்காலிலும் கொப்புளம். வெள்ளையம்மாள் முறத்தில் காய்ந்த காய்களைப் புடைத்துக்கொண்டிருந்தாள். திரௌபதி சுவரைப் பிடித்துக்கொண்டு வந்து அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"நோவுதுடி," என்றான். "மண்ட வரைக்கும் நோவுது. வழில குபேர லிங்கத்தாண்டயே ஒக்காந்துட்டேன்."

அவள் அவன் முகத்தையே பார்த்தாள். அவன் சொல்லச் சொல்லக் கேட்டுக்கொண்டிருந்தாள். சொல்லிக்கொண்டே வந்தவன் நடுவில் நிறுத்தினான். காலைப் பார்த்தான், அவளைப் பார்த்தான்.

"உனுக்கு தெனமும் இப்பிடியா?"

"தெனமும் இல்ல. ஒரொரு நாளு இத வுட கம்மியா இருக்கும். ஒரொரு நாளு..." அவள் நிறுத்தினாள். "சொல்லட்டுமா?"

"சொல்லு."

"காலைல கண்ணு முழிச்சா, மொதல்ல வெரல் அசையுதான்னு பாப்பேன். அசைஞ்சா, இன்னிக்கி எழுந்துடலாம்னு தோணும். தோள்ல இருந்து ஆரம்பிக்கும்..."

குமரேசன் வாயைத் திறந்தான். அவன் கை தன்னையறியாமல் ஜன்னலில் இருந்த தைலத்தின் பக்கம் போயிற்று. முறம் நின்றது. அம்மா தன்னையே பார்த்துக்கொண்டிருப்பதைக் கண்டான். கையை மடியில் வைத்துக்கொண்டான். வாயை மூடினான். அதன் பிறகு, எப்படிப் போடுவது என்று சரியாகத் தெரியாதவன் போல, மெதுவாக, "உம்," என்றான்.

திரௌபதி மேலே சொன்னாள்.